பெந்தாம் அளித்த உடல்

லண்டன் மாநகரில் 1748-ஆம் ஆண்டு ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தவர் ஜெரமி பெந்தாம். பன்னிரண்டாம் வயதிலேயே ஆக்ஸ்போர்டில் சேர்ந்த மேதை. சட்டம் பயின்றும் நீதிமன்றத்தில் வாதாடப் புகாது, சட்டங்களையே திருத்தி அமைக்கும் பணிக்குத் தம் வாழ்நாளை ஒப்புக்கொடுத்தார். மிகப் பலர்க்கு மிகுந்த நன்மை பயப்பதே நற்சட்டம் என்னும் அவர்தம் கொள்கையை நம் கல்லூரி மாணவர் அறிவர். அவர் உடலின் வரலாற்றை அறிந்தோர் சிலரே.

அந்நாளில் மருத்துவ மாணவர் அறுத்துப் பயிலப் பிரேதம் கிடைப்பது அரிது. 1752-ஆம் ஆண்டுச் சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலைஞரின் உடல்களையே அவர்க்கு அளித்தது. மருத்துவப் பள்ளிகளோ பெருகின. ஆகவே இரவில் புதைகுழி தோண்டிப் பிணம் திருடி விற்கும் கூட்டத்தார் கிளம்பினர். செல்வர் தம் கல்லறைகளுக்குக் காவல் வைத்தனர். ஏழைகளின் பெட்டிகளோ ஒரே குழியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். குழி நிறையும்வரை அதனைச் சரிவர மூடுவாரும் இலர். 1828-இல் எடின்பரோ நகரில் பர்க், ஹேர் என்னும் இருவர் 16 பேரைக் கொன்று உடல்களை விற்ற செய்தி வெளிப்பட்டது. மாண்டவருள் பெரும்பாலோர் தேடுவாரற்ற ஏழைகள்.

இறந்த உடல் வாழ்வோர்க்குப் பயன்படல் வேண்டும் என்பது பெந்தாமின் துணிபு. 1769-இலேயே, தம் 21-ஆம் வயதில், தம் உடலை மருத்துவர் அறுத்து ஆராயலாம் என உயில் எழுதினார். 1832 ஜூன் 6-ஆம் நாள் அவர் மறைந்தார். மூன்றாம் நாள் இடியும் மழையும் ஆர்ப்பரிக்க, நண்பர்கள் சூழ்ந்திருக்க, டாக்டர் சவுத்வுட் ஸ்மித் அவ்வுடலை அறுத்து விளக்கினார். பின்னர் எலும்புக்கூட்டிற்கு அவருடைய உடைகளையே அணிவித்து, மெழுகுத் தலை பொருத்தி, நாற்காலியில் அமர்த்தினர். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் அதனை இன்றும் காணலாம்.

அவர் மறைந்து இரு திங்களுக்குள், ஆகஸ்டில், உடற்கூற்றியல் சட்டம் நிறைவேறிற்று. கொலைஞர்க்கு விதித்திருந்த அறுவை நீங்கியது. ஏழை விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, உரிமை கோருவாரற்றுக் கிடந்தோர் உடல்கள் அவ்விடத்தைப் பெற்றன. பிணத்திருட்டு ஒழிந்தது உண்மையே. வேண்டாம் என்போர் முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம் என ஒரு விதியும் இருந்தது. எழுத்தறியா ஏழைக்கு அதனை எடுத்துரைப்பார் யாவர்? பெந்தாம் மனமுவந்து அளித்ததை, இவர்களிடம் கேளாமலே எடுத்துக்கொண்டனர். ஊர்விட்டு ஊர்வந்து குடியேறிய நம்மனோர்க்கு, சுற்றம் அறியா இடத்தில் இறக்கும் அச்சம் இன்னதென விளக்க வேண்டுவதில்லை.

இங்கிலாந்தின் தொழிலாளர் அரைவயிறு உண்டும் வாரந்தோறும் சில பென்னிகளை ஈமச் சங்கங்களில் செலுத்தி வந்தனர். அவ்வுடற்கூற்றியல் சட்டம் 1984-இல்தான் வேறொரு சட்டத்திற்கு இடமளித்தது.