மூச்சின் சகோதரர்கள்

தனக்குச் சாதகமான ஒரு சட்டத்தை வெறுத்து, சொந்த நாட்டையே விட்டு வெளியேற நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்? விடுதியில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவு, மூத்த மாணவர் ஒருவர் இரவல் தந்த குறுந்தட்டைக் கேட்டேன். அதில் பியானோ வாசித்தவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்த நாள்முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர் பெயர் கிறிஸ் மெக்ரெகர்.

1936 டிசம்பர் 24ஆம் நாள் தென்னாப்பிரிக்காவில் ஒரு வெள்ளையர் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை மிஷன் பள்ளி ஆசிரியர். டிரான்ஸ்கை வட்டாரத்தில் வளர்ந்த சிறுவனின் காதில் தேவாலயப் பாடல்களோடு கோசா மக்களின் பாடல்களும் விழுந்தன. பின்னர் கேப் டவுனில் இசைக் கல்லூரி மாணவரானார். வகுப்பில் ஐரோப்பியச் செவ்விசை; வெளியே கறுப்பினக் கலைஞர்களுடன் ஜாஸ். அவருக்கு இரண்டுமே பாடசாலைகள்தாம்.

அன்று அங்கே நிறவெறிச் சட்டங்கள் ஆட்சி செய்தன. எங்கே குடியிருப்பது, யாரை மணப்பது என்பதைக்கூடத் தோலின் நிறமே தீர்மானித்தது. அந்தச் சூழலில்தான் மெக்ரெகர் 'புளூ நோட்ஸ்' குழுவை அமைத்தார். சாக்சபோனில் டூடூ புக்வானா, நிக்கேலே மொயாக்கே. டிரம்பெட்டில் மொங்கெசி ஃபேசா. பாஸில் ஜானி டியானி. டிரம்ஸில் லூயிஸ் மொஹோலோ. அறுவரில் மெக்ரெகர் ஒருவரே வெள்ளையர். ஒரே மேடையில் அவர்கள் சேர்ந்து வாசிப்பதே அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது. அவர் நினைத்திருந்தால் வெள்ளையருக்கான அரங்குகளில் தனியாக வாசித்து வசதியாக வாழ்ந்திருக்கலாம். நண்பர்களை விட்டுவிட்டு வாசிக்க அவருக்கு மனமில்லை.

1964இல் பிரான்சின் ஆன்டிப் ஜாஸ் விழாவுக்கு அழைப்பு வந்தது. புறப்பட்ட குழு, ஒரு குழுவாகத் தாயகம் திரும்பவே இல்லை. சுவிட்சர்லாந்தில் சில மாதங்கள், 1965இல் லண்டன். ஊர் ஏக்கம் தாளாமல் மொயாக்கே மட்டும் திரும்பிச் சென்று, அங்கேயே மறைந்தார்.

சுதந்திரம் கிடைத்தது, சோறு எளிதில் கிடைக்கவில்லை. வாய்ப்புகள் குறைவு, குளிர் அதிகம். ஆனாலும் 1970இல் மெக்ரெகர் ஒரு பெரிய இசைக்குழுவைத் தொடங்கினார். ஊரைப் பிரிந்த தென்னாப்பிரிக்கரும் பிரிட்டனின் இளங்கலைஞர்களும் அதில் சேர்ந்து வாசித்தனர். 'மூச்சின் சகோதரத்துவம்' என்பது அதன் பெயரின் பொருள். தாயகத்துச் சட்டம் பிரித்து வைத்ததை அவர் வேற்று மண்ணில் சேர்த்துக் காட்டினார். எழுபதுகளில் பிரான்சின் தென்மேற்கே ஒரு பழைய ஆலைக்கட்டடத்தில் குடும்பத்தோடு குடியேறினார்.

1975 டிசம்பரில் ஃபேசா முப்பதே வயதில் லண்டனில் இறந்தார். அதே மாதம் 23ஆம் நாள், எஞ்சிய நால்வரும் இசைக்கருவிகளோடு ஓர் அறையில் கூடினர். எதை வாசிப்பது என்று யாரும் பேசவில்லை. துயரத்தையே வாசித்தார்கள். நான் அன்றிரவு கேட்டது அந்தப் பதிவைத்தான். 1986இல் டியானி மறைந்தபின், அடுத்த ஆண்டு மூவராக மீண்டும் கூடி அவருக்கும் ஓர் இசைத்தட்டு பதிந்தார்கள்.

1990 பிப்ரவரி 11ஆம் நாள் நெல்சன் மண்டேலா விடுதலையானார். கதவு திறக்கும் நேரம் வந்துவிட்டது. ஆனால் மே 26ஆம் நாள், 53 வயதில், மெக்ரெகர் பிரான்சில் காலமானார். ஐந்து வாரங்களில் புக்வானாவும் லண்டனில் கண்மூடினார். எஞ்சிய மொஹோலோ மட்டுமே 2005இல் தாயகத்தில் மீண்டும் குடியேறினார். 2025இல் அவரும் மறைந்தார்.

மெக்ரெகர் மேடையேறி அரசியல் முழங்கியதால் என் மனத்தில் நிற்கவில்லை. நண்பனுக்கு இடமில்லாத மேடை தனக்கும் வேண்டாம் என்று ஒதுங்கினாரே, அதனால் நிற்கிறார். நண்பர்களே, அந்தக் குறுந்தட்டை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கேள்வியைத்தான் இன்னும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.