கொல்லன் மகனும் செம்பொன் நீரும்

ஒரு தேசத்தின் செல்வம் நிலத்திலும் சுரங்கத்திலும் மாத்திரம் இல்லை. ஏழைகளின் குடிசைகளிலும் அது புதைந்து கிடக்கிறது. மைக்கேல் பாரடேயின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும்.

1791-ம் வருஷம் செப்டம்பர் 22-ம் தேதி, லண்டனை அடுத்த நியூயிங்டனில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாக அவர் பிறந்தார். எழுத்தும் கணக்கும் சிறிது கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பதினான்காம் வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பகலில் தைத்த புத்தகங்களையே ஓய்வு நேரத்தில் படித்தார். 1812-ல் ஸர் ஹம்ப்ரி டேவியின் ரசாயனப் பிரசங்கங்களைக் கேட்டு, அவற்றை எழுதி, தம் கையாலேயே பைண்டு செய்து அவருக்கு அனுப்பினார். மறு வருஷமே ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டேவியின் உதவியாளரானார்.

1831-ல் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கலாம் எனக் காட்டியதை உலகம் அறியும். ஆயினும், பயனற்றவையெனத் தோன்றிய அவருடைய வேறிரு ஆராய்ச்சிகளையே நாம் இங்கு நினைவூட்ட விரும்புகிறோம். 1845-ல் கனத்த கண்ணாடியொன்றை வலிய காந்தத்தின் அருகே வைத்து அதனூடே ஒளியைச் செலுத்தினார். ஒளி அதிரும் திசை சற்றே திரும்பிற்று. காந்தத்திற்கும் ஒளிக்கும் உள்ள உறவு அன்று வெளிப்பட்டது. பின்னர் பொன்னைக் கரைத்து, பாஸ்பரஸினால் மீண்டும் பிரித்தபோது, நீர் மாணிக்கம்போல் சிவந்தது. பூதக்கண்ணாடிக்கும் புலப்படாத பொன் துகள்களே அச்சிவப்புக்குக் காரணம் என்று 1857-ல் அவர் விளக்கினார். அந்தப் புட்டிகள் இன்றும் அதே நிலையத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

அத்துகள்களில் உள்ள எலெக்ட்ரான்கள் ஒளி பட்டதும் ஒருங்கே அலைகின்றன என்பதைப் பிற்காலத்தார் கண்டனர். அவ்வசைவையே பிளாஸ்மான் என்பர். அதனால் துகளை ஒட்டிய ஒளி பன்மடங்கு வலுப்பெறுகிறது. நமது ஸர் சி. வி. ராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறல், மூலக்கூறுகளை இனம் பிரித்துக் காட்டுவது. ஆனால் மிகவும் மங்கலானது. கரடாக்கிய வெள்ளியின் மேல் அது வியப்புறு அளவில் வலுப்பதை 1974-ல் ஸௌதாம்ப்டன் ஆராய்ச்சியாளர் கண்டனர். அவ்வலிமை சுமார் பத்து லட்சம் மடங்கு என்று பின்னர் கணக்கிடப்பட்டது.

இன்று காந்தத் துகளும் பொன் துகளும் ஒரே பணியில் கூடியுள்ளன. நோய்க்குறியான மூலக்கூறைப் பற்றும் பொருளைப் பூசிய இரும்பு ஆக்ஸைடுத் துகள்களை இரத்தத்தில் கலந்தால், காந்தம் அவற்றை ஓரிடத்தில் திரட்டுகிறது. பொன்னும் வெள்ளியும் அவற்றின் அடையாள ஒளியைப் பெருக்குகின்றன. கர்ப்பத்தை அறியவும், 2020-க்குப்பின் கொரோனாவை அறியவும் பயன்பட்ட சோதனைப் பட்டைகள் பலவற்றில் தோன்றும் செங்கோடு, பாரடேயின் புட்டியிலிருந்த அதே செம்பொன்தான்.

பொருள் தரும் வேலைகளை ஒதுக்கி ஆராய்ச்சியையே அவர் நாடினார். ஸர் பட்டத்தையும் மறுத்தார். 1867-ம் வருஷம் ஆகஸ்டு 25-ம் தேதி காலமானார்.

உடனடிப் பயன் யாதென வினவி ஆராய்ச்சிக்குப் பணம் மறுக்கும் இராஜாங்கம், நூற்றைம்பது வருஷங்களுக்குப் பின் வரும் நோயாளியின் மருந்தைத் தட்டிப் பறிக்கிறது. ஏழைச் சிறுவனுக்குப் புத்தகம் மறுக்கும் சமூகமோ, பாரடேயையே இழக்கிறது. பொதுவாழ்வில் ஈடுபட்டோர் இவ்விரண்டையும் மறவாதிருப்பாராக.