நஞ்சில் மருந்து கண்டவர்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பழமொழி. அளவறிந்து கொடுத்தால் நஞ்சும் மருந்தாகும் என்று தம் உழைப்பால் காட்டியவர் டாக்டர் வில்லியம் விதரிங்.

இவர் 1741-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பகுதியிலுள்ள வெலிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். எடின்பரோவில் பயின்று 1766-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் தாவரவியல் என்றாலே அவருக்குக் கசப்பு. ஸ்டாஃபர்டு நகரில் மருத்துவராய் இருந்தபோது, ஹெலனா என்னும் நங்கை சிகிச்சைக்கு வந்தார். மலர்களை ஓவியமாகத் தீட்டுவது அவருக்கு விருப்பம். அவருக்காகச் செடிகளைத் தேடி அலைந்த விதரிங், தாமே தாவரவியலில் தேர்ந்தவரானார்! 1772-இல் இருவரும் மணந்துகொண்டனர்.

அக்காலத்தில் உடலில் நீர் கோத்து, கால்கள் வீங்கி, மூச்சுத் திணறி மாண்டோர் பலர். இதயம் வலுவிழப்பதே பல வேளைகளில் இதற்குக் காரணம் என்பதை அன்றைய மருத்துவர்கள் அறியார். ஆனால், ஷ்ராப்ஷயரில் மூதாட்டி ஒருவர், மருத்துவர்கள் கைவிட்ட சிலரைக்கூடத் தம் இரகசியக் கஷாயத்தால் குணமாக்கி வந்தார். 1775-இல் அதுபற்றி விதரிங்கிடம் கருத்துக் கேட்டனர். வேறொருவராயின் பாட்டி வைத்தியம் என்று எள்ளி நகைத்திருப்பார். அவரோ அதிலிருந்த இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகளை ஆராய்ந்தார். நோயைத் தீர்ப்பது ஃபாக்ஸ்குளோவ் ஒன்றே எனக் கண்டார். விரலுறை போன்ற பூக்களையுடைய இச்செடியைத் தாவர நூலார் டிஜிடாலிஸ் என்பர். இது கொடிய நஞ்சு.

அதே ஆண்டில் பர்மிங்காம் நகரில் குடியேறிய விதரிங், ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் செய்தார். அங்கே பத்தாண்டுகள் இம்மருந்தை ஆராய்ந்தார். செடி பூக்கும் காலத்தில் இலைகளைப் பறித்து, உலர்த்திப் பொடியாக்கி, சிறிது சிறிதாகக் கொடுத்தார். குமட்டல் கண்டாலோ, நாடி மிகத் தளர்ந்தாலோ மருந்தை நிறுத்தினார்.

1785-இல் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்கள் அதில் உள்ளன. குணமடைந்தோரை மட்டும் அவர் எழுதவில்லை, இறந்தோரையும் எழுதினார். தொடக்கத்தில் அளவு மிகுதியாகக் கொடுத்ததையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால், அதே தவற்றைப் பிற மருத்துவர்களும் செய்து எத்தனை உயிர்களைப் பறித்திருப்பரோ!

நெடுங்காலம் நுரையீரல் நோயால் வாடிய விதரிங், 1799 அக்டோபர் 6-ஆம் நாள் மறைந்தார். இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியிலிருந்து 1930-இல் டிஜாக்சின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. சீரற்ற இதயத் துடிப்புக்கும் இதயத் தளர்ச்சிக்கும் இன்றும் மருத்துவர்கள் அதை அளவறிந்து கொடுக்கின்றனர்.

அந்த மூதாட்டியின் பெயர் வரலாற்றில் இல்லை. ஆயினும், தம் கண்டுபிடிப்பு அவரிடமிருந்தே தொடங்கியது என்பதை விதரிங் தம் நூலில் எழுதி வைத்தார். எளியோரிடமும் கற்கும் பணிவும், தவற்றை மறைக்காத நேர்மையும் அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வங்கள் அன்றோ!