விறகு சுமந்த பையன் வளர்ந்து என்ன செய்தார்? நினோமியா சொந்தோகுவின் கதை

ஜப்பான் போன நண்பர்களோட ரீல்ஸ்லயோ, அனிமேலயோ நீங்க இந்தச் சிலையைப் பார்த்திருக்கலாம். ஒரு பழைய ஆரம்பப் பள்ளி. அங்கே ஒரு சின்னப் பையன் சிலை. முதுகில் விறகுக்கட்டு, கையில் விரிச்ச புத்தகம். நடந்துகிட்டே படிக்கிறான். நாம நடந்துகிட்டே போன் நோண்டுற மாதிரியேதான்!

அந்தப் பையன் பெயர் கின்ஜிரோ. பிற்காலத்தில் ஊர் உலகம் அவரை நினோமியா சொந்தோகு என்று அழைத்தது. நல்லாப் படிக்கிற பையனுக்கு அடையாளம்னு அந்தச் சிலையைச் சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஆனா அவர் கதையில் முக்கியமான பகுதி, அந்தப் பையன் வளர்ந்த பிறகுதான் வருது.

1787-ல் ஜப்பானின் ஒடவாரா பகுதியில், கயாமா என்கிற கிராமத்தில் பிறந்தார். ஓரளவு வசதியான விவசாயக் குடும்பம். 1791-ல் சகாவா ஆறு கரை உடைத்துப் பாய்ந்ததில் வயலெல்லாம் மணலும் கல்லுமாகிவிட்டது. 1800-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். இரண்டே வருஷத்தில் அம்மாவும் போய்விட்டார். தம்பிகள் வேறு உறவினர் வீட்டுக்கு, இவர் பெரியப்பா வீட்டுக்கு.

பகலெல்லாம் வேலை, ராத்திரி படிப்பு. விளக்கெண்ணெய் வீணாகுதுன்னு பெரியப்பா திட்டினார். பையன் கோபப்படலை. ஒரு கைப்பிடி கடுகு மாதிரியான எண்ணெய் விதையைக் கடன் வாங்கி, ஆற்றங்கரையில் சும்மா கிடந்த இடத்தில் விதைத்தான். விளைந்ததைக் கொடுத்து எண்ணெய் வாங்கிக்கொண்டான். அப்புறம், நடவு முடிஞ்சு மற்றவங்க தூக்கிப் போட்ட நாற்றுகளைப் பொறுக்கி, வெள்ளம் தேங்கிய ஒரு மூலையில் நட்டான். அறுவடையில் ஒரு மூட்டை நெல் கிடைத்ததாம். சின்னச் சின்னதா சேர்ந்தா பெருசாகும் என்பதை அவர் புத்தகத்தில் படிக்கலை, அந்த மூட்டையில்தான் பார்த்தார்.

அதே வழியில் சேமித்து, அடகிலும் விலையிலும் போன குடும்ப நிலத்தைத் துண்டு துண்டாக மீட்டார். 1810 வாக்கில், 23 வயசில், மறுபடியும் சொந்த வீடு, சொந்த வயல். பெரும்பாலான வெற்றிக் கதைகள் இங்கேயே சுபம் போட்டுவிடும்.

இவருக்கு இங்கேதான் ஆரம்பம். ஒடவாராவில் ஹத்தோரி என்கிற உயரதிகாரி வீடு கடனில் மூழ்கிக் கிடந்தது. அந்த வீட்டு வரவு செலவைச் சரிசெய்யும் பொறுப்பு இவரிடம் வந்தது. முதலில் செலவுக்கு ஒரு எல்லை. அந்த எல்லைக்கு மேல் மிச்சமாவது கடனுக்கும் அடுத்தவருக்கும். வாழ்நாள் முழுக்க அவர் பிடித்துக்கொண்ட சூத்திரம் இதுதான். வேலைக்காரர்கள் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்க ஒரு பொது நிதியையும் உருவாக்கினார். கிட்டத்தட்ட நம்ம ஊர் சுயஉதவிக் குழு மாதிரி, ஒருவரை ஒருவர் நம்பி ஓடுற ஏற்பாடு. ஊரார் கணக்கைப் பார்த்துக்கிட்டே இருந்ததில் அவரோட முதல் கல்யாணம் முறிந்துபோனது என்பதையும் சொல்லியாகணும்.

அடுத்து ஒடவாரா பிரபு ஒரு வேலை கொடுத்தார். டோக்கியோவுக்கு வடக்கே, இன்றைய தொச்சிகி மாகாணத்தில் இருக்கும் சகுராமச்சி. மூணு கிராமங்கள். பாதிக்கும் மேல் வீடுகள் காலி, வயலெல்லாம் புதர், மிச்சம் இருந்தவங்களிடம் குடியும் சூதும். அதைத் தூக்கி நிறுத்தணும்.

இங்கேதான் அவர் எடுத்த முடிவைக் கவனிங்க. 1823-ல், பொறுக்கின நாற்றில் ஆரம்பித்து மீட்ட அந்த வீட்டையும் நிலத்தையும் விற்றார். மனைவி, கைக்குழந்தையோட சகுராமச்சிக்குக் குடிபோனார். திரும்பி வர ஒரு வீடு இல்லை.

விடியுமுன்னே வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார். உழைக்கிறவங்களுக்குக் கருவியும் வட்டியில்லாக் கடனும் கொடுப்பார். வெளியூர்க் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார். ஊரே கொண்டாடியிருக்கும்னு நினைக்கிறீங்களா? ஒரு பகுதி ஜனம் எதிர்த்தது. மேலதிகாரியாக வந்தவர் ஒவ்வொரு வேலைக்கும் முட்டுக்கட்டை போட்டார். ஆறு வருஷம் தாங்கினவர், 1829-ல் யாரிடமும் சொல்லாம காணாமல் போனார்.

போன இடம் நரிதா. இன்னைக்கு டோக்கியோ விமானம் இறங்குற அதே ஊர். அங்கேயுள்ள கோயிலில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அவர் இல்லாத ஊர் என்னாகும்னு சகுராமச்சிக்குப் புரிந்தது. தேடி வந்தாங்க. அவரும் திரும்பினார். அந்த அதிகாரியை மேலிடம் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. அதுக்கப்புறம் வேலை நகர்ந்தது.

1833, கோடையின் ஆரம்பம். சாப்பாட்டில் கத்திரிக்காய். கடித்துப் பார்த்தால் இலையுதிர்காலக் காய் மாதிரி ருசி. இந்த வருஷம் வெயில் சரியா வராது, நெல் விளையாதுன்னு கணக்குப் போட்டாராம். குளிரைத் தாங்கும் தானியத்தை விதைக்கச் சொன்னார், அந்தத் துண்டு நிலத்துக்கு வரி இல்லை என்றார். அந்தத் தானியம் நம்ம குதிரைவாலிக்கு நெருங்கிய சொந்தம். சிலர் சிரித்தார்கள். ஆனா அந்த வருஷம் குளிர்ந்த கோடைதான். ஜப்பானையே உலுக்கிய தென்போ பஞ்சம் அப்போ தொடங்கி வருஷக்கணக்கில் நீடித்தது. சகுராமச்சியில் பட்டினிச் சாவு இல்லை என்று அவர் சீடர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிறகு கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போனார். அவர் முறையில் மீண்ட கிராமங்கள் 600 என்பார்கள். 1842-ல் மத்திய ஆட்சியே அவரை வேலைக்கு எடுத்தது. 1856-ல், நிக்கோ பகுதிக் கிராமங்களைச் சீரமைக்கும் வேலை முடியாம இருக்கும்போதே, இமாய்ச்சியில் 69 வயசில் காலமானார். அந்தக் காலத்துக்கு அது நீண்ட ஆயுள். அதில் கிட்டத்தட்ட பாதி அடுத்தவர் வயலுக்குப் போனது.

பிற்காலத்தில் அரசு அவரைப் பாடப்புத்தகத்தில் ஏற்றி, சொன்ன பேச்சு கேட்கும் உழைப்பாளிப் பையனாக்கியது. பள்ளிகளில் சிலைகள் வந்தன. போர்க்காலத்தில் வெண்கலச் சிலைகள் பல உலோகத்துக்காக உருக்கப்பட்டன. போர் முடிந்து 1946-ல் அவர் முகம் 1 யென் நோட்டில் வந்தது. இப்போ சில பள்ளிகளில் பையனை உட்கார வைத்துச் சிலை செய்கிறார்கள். நடந்துகிட்டே போன் பார்க்கிற பழக்கத்துக்கு அது வழிகாட்டிடுமோன்னு ஒரு பயம்!

அடுத்த தடவை ரீல்ஸ்ல அந்தப் பையன் வந்தா, புத்தகத்தைப் பார்த்துட்டு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. முதுகில் இருக்கும் சுமையையும் பாருங்க. முதலில் அது அவன் வீட்டு அடுப்புக்கு. அப்புறம் கடைசிவரை, ஊராரோட சுமை.