பூக்களுக்கு முகவரி எழுதியவர்

குழந்தைகளே! ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் பெரிய பெரிய கார் தொழிற்சாலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காரில் ஆயிரக்கணக்கான உதிரிபாகங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், வைப்பதற்கு ஓர் இடம். அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் ஒரு திருகாணியைத் தேடவே ஒரு நாள் போய்விடும், இல்லையா?

உலகிலுள்ள செடி கொடிகளோ லட்சக்கணக்கானவை! அவற்றுக்கெல்லாம் பெயரும் இடமும் கொடுக்கத் துணிந்த ஒருவரைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் கரோலஸ் லின்னேயஸ்.

சுவீடன் நாட்டில், ராஷுல்ட் என்ற சிற்றூரில் 1707-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் பிறந்தார். தந்தை கிறிஸ்தவப் போதகர். தோட்டக் கலையில் ஆர்வம் மிக்கவர். தந்தையோடு தோட்டத்தில் திரிந்த சிறுவனுக்குப் பூக்கள் மீது தீராத ஆசை. பள்ளிப் பாடங்களிலோ மனம் செல்லவில்லை. மனம் வெறுத்த தந்தை, மகனைச் செருப்புத் தைக்கும் தொழிலுக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட எண்ணினாராம்! அப்போது குறுக்கிட்டவர் ரோத்மன் என்ற மருத்துவர். அந்தப் பள்ளியில் பாடமும் நடத்தியவர். பையனின் திறமையை உணர்ந்து, அவனை மருத்துவம் படிக்க வைக்கும்படி தந்தையிடம் எடுத்துச் சொன்னார்.

லின்னேயஸ் படித்தார். 1741-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரும் ஆனார்.

அந்தக் காலத்தில் ஒரு செடியின் பெயர் என்பது ஒரு நீண்ட வாக்கியம். இலை எப்படி, பூ எப்படி என்று லத்தீன் மொழியில் அடுக்கிக்கொண்டே போவார்கள். 1753-இல் லின்னேயஸ் வெளியிட்ட 'ஸ்பீசிஸ் பிளான்டாரம்' என்ற நூல் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஏறத்தாழ 6,000 தாவரங்களுக்கு இரண்டே சொற்களில் பெயர். நம் மாநில மலரான செங்காந்தளும் அதில் உண்டு! அதற்கு அவர் வைத்த பெயர் குளோரியோசா சூப்பர்பா.

அவருடைய மாணவர்கள் பல நாடுகளுக்குச் சென்று செடிகளைச் சேகரித்தார்கள். அவர்களில் ஒருவரான கோனிக், 1768-இல் நம் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். இங்குள்ள செடிகளை ஆராய்ந்து ஆசிரியருக்கு அனுப்பினார். நாம் தினமும் தாளிக்கும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் அந்த மாணவரின் பெயரைச் சேர்த்தவர் லின்னேயஸ்தான்.

சரி, செடிகளுக்குப் பெயர் வைத்தாயிற்று. அவற்றை எப்படிப் பிரிப்பது? பூவிலுள்ள மகரந்தத் தாள்களை எண்ணினார் லின்னேயஸ். ஆறு இருந்தால் ஒரு வகுப்பு, ஐந்து இருந்தால் வேறு வகுப்பு. எண்ணத் தெரிந்த எவரும் செடியை அடையாளம் காணலாம். ஆனால் ஒரு வேடிக்கை! லில்லி, வெங்காயம், செங்காந்தள் எல்லாவற்றுக்கும் தாள்கள் ஆறு. நெல்லுக்கும் ஆறு! எல்லாம் ஒரே வகுப்பில் வந்துவிட்டன. திருகாணிகளை நீளம் பார்த்து அடுக்கினால், கதவுத் திருகாணியும் எஞ்சின் திருகாணியும் ஒரே பெட்டியில் விழும் அல்லவா? அதுபோலத்தான். இந்த முறை தற்காலிக ஏற்பாடுதான் என்பது லின்னேயஸுக்கும் தெரியும். இயற்கையான உறவுகளைக் கண்டுபிடிக்க அவரே முயன்று கொண்டிருந்தார். அது முடிவதற்குள், 1778 ஜனவரி 10-இல் மறைந்தார்.

விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1789-இல் பிரான்ஸ் நாட்டின் ஜுஸ்யூ, செடியின் பல உறுப்புகளை ஒப்பிட்டுக் குடும்பங்களாகப் பிரித்தார். நெல் தனியாகப் புல் குடும்பத்துக்குப் போனது. பின்னர் 19-ஆம் நூற்றாண்டில் பெந்தாம், ஹூக்கர் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் வகுத்த முறை நம் கல்லூரிகளில் நெடுங்காலம் பாடமாக இருந்தது. அதில் வெங்காயம், பூண்டு, கற்றாழை, தண்ணீர்விட்டான், செங்காந்தள் எல்லாம் லில்லியேசி என்ற ஒரே பெரிய வீட்டில் குடியிருந்தன.

பிறகு மரபணுக்களை ஒப்பிடும் வசதி வந்தது. 1998 முதல் பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து குடும்பங்களைத் திருத்தி அமைத்தார்கள். அந்தப் பெரிய வீடு பிரிந்தது. இப்போது வெங்காயமும் பூண்டும் அமரில்லிடேசி குடும்பம். கற்றாழை அஸ்போடலேசி. தண்ணீர்விட்டான் அஸ்பாரகேசி. செங்காந்தள் கோல்சிகேசி.

வீடு மாறினால் நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? வெங்காயம் உணவு. செங்காந்தள் கிழங்கோ உயிரைக் கொல்லும் நஞ்சு! அதிலுள்ள நஞ்சின் பெயர் கோல்சிசின். ஐரோப்பாவில் வளரும் கோல்சிகம் என்ற செடியிலும் அதே நஞ்சுதான் இருக்கிறது. அந்தச் செடியின் பெயரால் அமைந்த குடும்பத்தில்தான் இன்று செங்காந்தளும் இருக்கிறது. உண்மையான உறவு தெரிந்தால், ஒரு செடிக்குள் என்ன இருக்கும் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். மருத்துவர்கள் இதே கோல்சிசினை மிகச் சிறிய அளவில், கவுட் என்னும் மூட்டுவலிக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். அதற்காகவே மூலனூர், வேதாரண்யம் பகுதிகளில் விவசாயிகள் செங்காந்தளைப் பயிரிட்டு விதைகளை விற்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? குடும்பம் மாறியதே தவிர, 1753-இல் லின்னேயஸ் வைத்த குளோரியோசா சூப்பர்பா என்ற பெயர் இன்றும் மாறவில்லை. நல்ல வேலை ஒன்றைத் தொடங்கி வைத்தால், அதில் தவறு இருந்தாலும் பின்னால் வருபவர்கள் திருத்திக்கொள்வார்கள். தொடங்குவதற்குத்தான் துணிவு வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலியோரம் சிவப்பும் மஞ்சளுமாகத் தீச்சுடர் போன்ற பூ கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். கிட்டப் போய் மகரந்தத் தாள்களை எண்ணுங்கள். ஆறு இருக்கும். ஆனால் பறிக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். கிழங்கைத் தோண்டவே வேண்டாம். கண்ணால் பார்த்தால் போதும். லின்னேயஸும் அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றார்.