ஜெனரல் கரியப்பா வீட்டுப் பிள்ளைகள்

1949 ஜனவரி 15-ல் நமது தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானவர் குடகைச் சேர்ந்த கரியப்பா. ஒருநாள் வழக்கமான ராணுவ வண்டி வராததால், உதவி அதிகாரி ஒருவர் குழந்தைகளின் பள்ளிப் பயணத்துக்குச் சர்க்கார் காரை அனுப்பிவிட்டார். ஜெனரல் கண்டித்து, செலவைத் தம் சொந்தக் கணக்கில் எழுதச் செய்தார்.

1965 யுத்தத்தின்போது நான் பள்ளி மாணவன். விமானியாயிருந்த அவர் பிள்ளை நந்தா பாகிஸ்தானில் கைதியானார். முன்பு கரியப்பாவின் கீழ் பணியாற்றிய அதிபர் அயூப்கான் விடுவிக்க முன்வந்தார். தகப்பனாரோ, கைதிகள் அத்தனை பேரும் தம் பிள்ளைகளே, தனிச் சலுகை வேண்டாம் என்றுவிட்டார். நந்தா 1966-ல்தான் திரும்பினார். பின்னாளில் ஏர் மார்ஷலானார்.

கரியப்பா 1993-ல் காலமானார்.

உத்தியோகத்தில் எனக்கும் சர்க்கார் ஜீப் இருந்தது. மழை நாட்களில் என் குழந்தைகள் அதில்தான் பள்ளிக்குப் போனார்கள். நான் பணம் கட்டியதில்லை.