மணியோசைக்குக் காத்திருந்த புனிதை



தெரேசா என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குக் கல்கத்தாவின் அன்னை தெரேசாவோ, ரோசா மலர்களை ஏந்தி நிற்கும் குழந்தை இயேசுவின் தெரேசாவோதான் நினைவுக்கு வருவர். குழந்தை தெரேசா புகுந்த கார்மேல் மடத்தின் வாழ்க்கை ஒழுங்கை, அவருக்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துத் தந்தவர் இன்னொரு தெரேசா. ஸ்பெயின் நாட்டின் அவிலா நகரில் 1515ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி பிறந்த புனித தெரேசம்மாளே அவர். 1970ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி திருத்தந்தை ஆறாம் பவுல் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். பெண்களுள் இச்சிறப்பை முதன்முதலிற் பெற்றவர் இவரே.

செபத்தின் ஆசிரியை என உலகம் போற்றும் இப்புனிதை, செபத்தை முற்றாகக் கைவிட்டிருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

சிறுவயதிலேயே தாயை இழந்த தெரேசா, அன்னை மரியாளின் சொரூபத்தின் முன் சென்று, இனி நீரே என் தாயாக இரும் என்று அழுது வேண்டியவர். தந்தை அலோன்சோவுக்கு இவர்மீது அளவற்ற பாசம். துறவறம் செல்ல அவர் சம்மதிக்காதபடியால், 1535இல் தம் 20ஆவது வயதில் ஒருநாள் அதிகாலை வீட்டைவிட்டு வெளியேறி, அவிலாவிலிருந்த மனித அவதார கார்மேல் மடத்தில் தெரேசா சேர்ந்தார். தந்தையும் பின்னர் மனம் இசைந்தார். சில ஆண்டுகளுள் கடும் நோய் பீடித்தது. சிகிச்சைக்காகச் சென்ற வழியில் அவருடைய சிற்றப்பா ஒரு நூலைக் கொடுத்தார். பிரான்சிஸ்கன் துறவியான ஒசூனா எழுதிய அந்நூலே, உதடுகளால் மட்டுமன்றி உள்ளத்தின் அமைதியிலும் ஆண்டவரோடு உறவாடலாம் என்பதை அவருக்குக் கற்பித்தது.

நோயோ முற்றியது. 1539 ஆகஸ்டில் நான்கு நாட்கள் நினைவிழந்து கிடந்தார். மடத்திலே புதைகுழியும் வெட்டியாயிற்று. மகள் இறக்கவில்லை என்று தந்தை ஒருவரே பிடிவாதமாக நின்றார். கண் விழித்தபோது அவருடைய இமைகளின்மேல் மெழுகு ஒட்டியிருந்தது. அதன்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கைகால் முடங்கிக் கிடந்து எழுந்தார். புனித சூசையப்பரின் மன்றாட்டே தம்மை எழுப்பியது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

இத்தகைய அருளைப் பெற்றவர் இனி ஆண்டவரை விட்டு அகலவே மாட்டார் என்றுதான் நாம் எண்ணுவோம். நடந்ததோ வேறு. அந்த மடத்தில் அடைப்பு விதி கடுமையாக இருக்கவில்லை. பார்வையாளர் அறைக்கு நகரத்துப் பெரிய மனிதர்கள் நாள்தோறும் வந்து போயினர். தெரேசாவோ பேச்சில் வல்லவர். எவரையும் கவரும் இயல்பினர். மணிக்கணக்கில் நீண்ட அவ்வுரையாடல்களில் அவருடைய உள்ளம் சிதறியது. அதன்பின் ஆண்டவரின் முன் தனியே அமர அவருக்கு வெட்கமாயிருந்தது. இவ்வளவு குறைகளை வைத்துக்கொண்டு நண்பரோடு பேசுவதுபோல் கடவுளோடு எப்படிப் பேசுவது? எல்லாரோடும் சேர்ந்து கட்டாய செபங்களைச் சொல்லிவிட்டு ஒதுங்கியிருப்பதே தாழ்ச்சி என்று எண்ணினார். ஓராண்டுக்கு மேல் தனிச்செபத்தை நிறுத்தியே விட்டார்.

கவனியுங்கள், வாசகர்களே! மடத்தின் செபமணிகள் தவறவில்லை, திருப்பலி தவறவில்லை, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் நல்ல கன்னியராகவே தோன்றினார். அவரோ ஒருவரை மட்டும் தனிமையில் சந்திக்கப் பயந்து விலகி நடந்தார். நம் வீடுகளிலும் மாலையில் செபமாலை சொல்லப்படுகிறது, ஞாயிறு திருப்பலிக்கும் போகிறோம். ஆயினும், முதலில் நான் திருந்திக்கொள்கிறேன், பிறகு கடவுளிடம் போகிறேன் என்று சொல்லுகிறவர்களை எத்தனை முறை சந்தித்திருக்கிறேன்! நோயாளி சுகமான பிறகுதான் வைத்தியரிடம் போவேன் என்பதைப் போன்றது இது. பார்வைக்குப் பக்தியாய்த் தோன்றும் இந்தச் சோதனையைவிடப் பெரிய சோதனையைத் தாம் சந்தித்ததில்லை என்று தெரேசம்மாளே பிற்காலத்தில் கருதினார்.

இதிலே மனதை நெருடும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. தந்தைக்குத் தியான செபத்தைக் கற்றுக்கொடுத்தவரே தெரேசாதான். முதியவர் அதில் வேகமாக முன்னேறினார். மகளைக் காண வருகிறபோதெல்லாம் இறைவனைப் பற்றியே பேச விரும்பினார். அவரை ஏமாற்ற மனமின்றி, தாம் இப்போது அப்படிச் செபிப்பதில்லை என்று தெரேசா ஒருநாள் சொல்லிவிட்டார். உண்மைக் காரணத்தைச் சொல்லாமல், உடல்நலக் குறைவைக் காரணங்காட்டினார். பொய் சொல்லி அறியாத தந்தை அதை அப்படியே நம்பினார், மகளுக்காக இரங்கினார். அன்றுமுதல் அவருடைய வருகைகள் குறுகின. சற்று நேரம் இருந்துவிட்டு, இங்கே பேசிக்கொண்டிருப்பது வீண் என்பதுபோல் எழுந்து செபிக்கப் போய்விடுவார்.

1543ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை மரணப் படுக்கையில் விழுந்தார். தெரேசா சென்று பணிவிடை செய்தார். தோள்களில் தாங்கமுடியாத வலி. சிலுவை சுமந்த ஆண்டவர்மீது அவருக்கிருந்த பக்தியை அறிந்த மகள், அந்த வேதனையில் ஒரு பங்கையே இயேசு தருகிறார் போலும் என்றார். அதன்பின் அவர் முனகவும் இல்லை. தந்தையின் ஆன்ம குருவாயிருந்த தொமினிக்கன் துறவி விசென்ட் பாரோனிடம் தெரேசா தம் நிலையைத் திறந்து கூறினார். செபத்தை விட்டது தவறு, அடிக்கடி நற்கருணை வாங்கு, எதற்காகவும் தனிச்செபத்தை இனி விடாதே என்று அவர் அறிவுறுத்தினார்.

தெரேசா திரும்பினார். திரும்பியவுடன் எல்லாம் இனித்தது என்று எண்ணிவிடாதீர்கள். பல ஆண்டுகள் அச்செபம் பெரும் பாரமாயிருந்தது. சிற்றாலயத்துள் நுழையும்போதே துயரம் கவ்வும். செபத்திற்கென ஒதுக்கிய மணிநேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காது கொடுத்துக் காத்திருப்பார். கையில் ஒரு நூல் இல்லாமல் செபிக்க அமரத் துணியமாட்டார். ஆனாலும் எழுந்து போய்விடவில்லை. ஆண்டவர் தனித்து விடப்பட்ட இடங்களை, விசேடமாகக் கெத்சமனித் தோட்டத்தை, மனக்கண்முன் கொண்டுவந்து அங்கே அவர் அருகில் இருப்பார். துணையின்றித் துன்புறுகிறவர் தம்மைப்போன்ற எளியவளையும் ஏற்றுக்கொள்வார் என்பது அவருடைய துணிவு. பல ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் உறங்குமுன் அந்தத் தோட்டத்தைச் சற்று நினைத்துக்கொள்வது அவர் வழக்கமாயிருந்தது. இதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

1554இல் திருவிழா ஒன்றிற்காக மடத்திற்குக் கொண்டுவரப்பட்ட கிறிஸ்துவின் சொரூபம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. உடலெங்கும் காயங்கள். அதன்முன் விழுந்து அழுதவர், கேட்டதைத் தரும்வரை எழமாட்டேன் என்று மன்றாடினார். புனித அகுஸ்தீனாரின் மனமாற்ற வரலாறும் அக்காலத்திலேயே அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 39.

பின்னர் நடந்தவற்றை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1562 ஆகஸ்ட் 24இல் அவிலாவில் புனித சூசையப்பர் மடத்தை நிறுவினார். சிலுவை அருளப்பரின் துணையோடு கார்மேல் சபையைச் சீர்திருத்தினார். வண்டிகளில் ஸ்பெயினின் குறுக்கே பயணித்து, மொத்தம் 17 மடங்களை எழுப்பினார். அம்மடங்களின் ஒழுங்கில், நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் மௌன செபத்திற்கென ஒதுக்கியிருந்தார். கட்டளைக்குப் பணிந்து எழுதிய தன்வரலாற்றில், செபத்தைக் கைவிட்ட காலத்தையோ தந்தையிடம் சொன்ன சாட்டையோ அவர் மறைக்கவில்லை.

1582 செப்டெம்பரில், நோயுற்ற நிலையில் ஆல்பா தே தோர்மேஸ் மடத்தை வந்தடைந்தார். இறுதி நற்கருணை அறைக்குள் கொண்டுவரப்பட்டபோது, அசைய இயலாதிருந்தவர் படுக்கையிலிருந்து எழ முயன்றார். நெடுநாள் காத்திருந்த ஒருவரை வரவேற்பதுபோல் ஆண்டவரோடு பேசினார் என்று உடனிருந்த சகோதரிகள் சாட்சி கூறியுள்ளனர். ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு அவர் உயிர் பிரிந்தது. கிரகோரியின் புதிய நாட்காட்டி அன்றிரவே நடைமுறைக்கு வந்தபடியால், விடிந்த நாள் ஒக்டோபர் 15 எனக் கணிக்கப்பட்டது. அந்நாளிலேயே திருச்சபை அவர் திருவிழாவைக் கொண்டாடுகிறது.